காற்றை நிறுத்துவது சிக்கனமா?



வண்ண மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொட்டியின் அடியில் ஒரு சிறு கல் கிடக்கும். அதிலிருந்து குமிழிகள் சரம் சரமாக மேலே வந்துகொண்டிருக்கும். அது அழகுக்காக வைத்தது என்று சிலர் நினைப்பதுண்டு. மின்சாரம் நின்றுபோனால் உண்மை தெரிந்துவிடும். மீன்கள் நெருக்கமாக உள்ள தொட்டியானால், அவை மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன், அதாவது பிராணவாயு, குறைந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இதே போன்ற தொட்டி, ஆனால் அளவில் மிகப் பெரியது, நகரங்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் உண்டு. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்திலும் உண்டு. அங்கேயும் காற்றை நம்பி வாழும் உயிர்கள் இருக்கின்றன. ஆனால் அவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். காற்று நின்றால் அவை வாயைத் திறந்து மூடிக் காட்டுவதில்லை. ஆகவே, "இரவில் யார் பார்க்கப் போகிறார்கள்? மோட்டாரை நிறுத்தினால் மின்கட்டணமாவது மிச்சமாகும்" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இது சிக்கனம் அன்று, பெரும் செலவில் கட்டிய நிலையத்தையே வீணாக்குவது என்பது என் கருத்து. இதை வெறும் உபதேசமாகச் சொல்ல நான் விரும்பவில்லை. நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலையும் கணிதத்தையும் கொண்டே கணக்கிட்டுப் பார்ப்போம். முடிவை நீங்களே கூறுங்கள்.

தூய்மை செய்வது யார்?

நம் வீட்டுக் குளியலறை, சமையலறை, கழிப்பறை ஆகியவற்றிலிருந்து வெளியேறும் கழிவுநீரில் 1,000 பங்கில் ஏறத்தாழ 999 பங்கு வெறும் நீர்தான். எஞ்சிய ஒரு பங்குதான் இத்தனை தொல்லைக்கும் காரணம். காகிதம், துணி, பிளாஸ்டிக் போன்றவற்றைக் கம்பி வலையால் தடுத்துவிடலாம். மண்ணையும் மணலையும் படியவிட்டுப் பிரிக்கலாம். ஆனால் நீரில் கரைந்துவிட்ட உணவுச் சத்து, சோப்பு, சிறுநீரில் உள்ள பொருள்கள் ஆகியவை எந்த வலையிலும் சிக்கமாட்டா. இவற்றைத் தின்று தீர்க்கும் வேலையைப் பாக்டீரியாக்களிடம் ஒப்படைக்கிறோம். அவை இப்பொருள்களைத் தின்று, ஆக்சிஜனைச் சுவாசித்து, இவற்றைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் புதிய பாக்டீரியாக்களாகவும் மாற்றிவிடுகின்றன.

கழிவுநீர் எவ்வளவு அழுக்கானது என்பதை எப்படி அளப்பது? ஒரு லிட்டர் கழிவுநீரிலுள்ள கழிவைத் தின்று தீர்க்கப் பாக்டீரியாக்களுக்கு எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும் என்று பார்க்கிறார்கள். இதற்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்று பெயர். சுருக்கமாக பி.ஓ.டி. என்பார்கள். மேனாடுகளில் 20 டிகிரி செல்சியசில் 5 நாள் வைத்து இதை அளப்பது வழக்கம். நம் நாட்டின் வெப்பநிலைக்கு ஏற்ப இங்கே 27 டிகிரியில் 3 நாள் வைத்து அளக்கிறோம். நம் வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராம் இருக்கும்.

இனி மற்றொரு எண்ணைப் பார்ப்போம். 30 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் தூய நீரில், காற்றிலிருந்து எவ்வளவு ஆக்சிஜன் கரையும்? அதிகபட்சம் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். ஒரு லிட்டர் காற்றில் உள்ள ஆக்சிஜனோ சுமார் 270 மில்லிகிராம். நாம் வாழும் காற்றோடு ஒப்பிட்டால் நீர் எவ்வளவு ஆக்சிஜன் வறுமை உடையது பாருங்கள்!

250ஐ 7.5ஆல் வகுத்தால் 33 வருகிறது. அதாவது, ஒரு லிட்டர் கழிவுநீரைத் தூய்மை செய்ய வேண்டுமானால், அதை ஆக்சிஜனால் முழுமையாக 33 முறை நிரப்ப வேண்டும். சிறிய டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய தாகத்தைத் தீர்ப்பது போன்ற வேலை இது. ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெப்ப நாடான நமக்கு இதில் இன்னும் ஒரு சங்கடம் உண்டு. 0 டிகிரி நீரில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 20 டிகிரியில் 9.1 ஆகிறது. 30 டிகிரியில் 7.5தான். ஆனால் வெப்பம் ஏறும்போது பாக்டீரியாக்களின் பசியும் ஏறுகிறது. பத்து டிகிரி உயர்ந்தால் அவற்றின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொது விதி. டம்ளர் சிறுத்துத் தாகம் பெருகினால், ஊற்றும் கை ஓயலாமா?

மான்செஸ்டர் நகரத்தின் ஐந்து வாரங்கள்

கழிவுநீரில் காற்றை ஊதினால் அது தூய்மையடையும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. ஆனால் அதற்கு நெடுநாள் பிடித்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தின் டேவிஹியூம் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் செய்த ஆராய்ச்சிதான் வழியைத் திறந்தது. அவர்கள் கழிவுநீரைப் பாட்டில்களில் எடுத்து, ஒளி படாமல் மறைத்து, காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். முதல் தடவை முழுமையாகத் தூய்மையாக ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின.

பிறகு அவர்கள் செய்த காரியம்தான் முக்கியம். தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் படிந்த பழுப்பு நிறக் கசடை எறியாமல் வைத்துக்கொண்டார்கள். அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றி மறுபடியும் காற்றை ஊதினார்கள். இப்படித் திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, வாரங்கள் நாட்களாகவும், நாட்கள் மணிகளாகவும் குறைந்தன. கசடு என்று எல்லோரும் நினைத்தது, உண்மையில் பசியோடு காத்திருந்த கோடிக்கணக்கான பாக்டீரியாக்களின் படையாகும். இம்முடிவுகளை 1914இல் அவர்கள் வெளியிட்டார்கள். இந்த முறையை ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறை என்று பொறியாளர்கள் அழைக்கிறார்கள். உயிர்ப்பூட்டிய கசடு முறை என்று நாம் கூறலாம். நூறாண்டுகளுக்கு மேலாகியும் உலகெங்கும் பெரு நகரங்கள் நம்பியிருப்பது இதையும் இதன் வழிவந்த முறைகளையும்தான். அவ்விருவருக்கும் வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் 1916இல் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து பணியாற்றினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இந்த முறையில் இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று கசடு, மற்றொன்று காற்று. கசடு தானே வளர்ந்துகொள்ளும். காற்றை மட்டும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

குமிழியின் கணிதம்

"தொட்டி திறந்துதானே இருக்கிறது? மேலே காற்று இருக்கிறது. தானாகக் கரைந்துவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அசையாத நீரில் ஆக்சிஜன் மூலக்கூறுகள் முட்டி மோதிக்கொண்டு ஒரு சென்டிமீட்டர் தூரம் பரவவே ஏறத்தாழ 7 மணி நேரம் ஆகும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும் என்பது விரவுதலின் விதி. ஆகவே ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பரவ ஏறத்தாழ 8 ஆண்டுகள் ஆகும்! நான்கு மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் நீரைக் கலக்காமலும் காற்றை உள்ளே செலுத்தாமலும் காத்திருப்பது வீண் என்பது இதிலிருந்தே விளங்கும்.

காற்றை உள்ளே செலுத்தினால் மட்டும் போதாது. எப்படிச் செலுத்துகிறோம் என்பதும் முக்கியம். ஒரு லிட்டர் காற்றை ஒரே குமிழியாக விட்டால், அதன் விட்டம் 12.4 சென்டிமீட்டர் இருக்கும். அதன் பரப்பு ஏறத்தாழ 480 சதுர சென்டிமீட்டர். உங்கள் நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாளுக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். அதே ஒரு லிட்டர் காற்றை 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழிகளாகப் பிரித்தால், ஏறத்தாழ 2,40,000 குமிழிகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 3 சதுர மீட்டர். ஒரு பெரிய கட்டிலின் பரப்பு! காற்று அதேதான், நீரைத் தொடும் பரப்பு மட்டும் 60 மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. கோளத்தின் பரப்பு, கன அளவு ஆகியவற்றின் சூத்திரங்களை நீங்கள் படித்திருக்கிறீர்கள். இதை நீங்களே சரிபார்க்கலாம்.

சிறு குமிழிக்கு மற்றொரு நன்மையும் உண்டு. இரண்டு மில்லிமீட்டர்க் குமிழி விநாடிக்கு ஏறத்தாழ கால் மீட்டர் வேகத்தில் மேலே ஏறும். நான்கு மீட்டர் ஆழத்திலிருந்து புறப்பட்டால் மேலே வர 16 விநாடி ஆகும். பெரிய குமிழி இதைவிட விரைவாக ஓடிவிடும். ஆழத்தில் அழுத்தமும் கூடுதல். பத்து மீட்டர் நீர் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமாதலால், நான்கு மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 1.4 வளிமண்டலம் ஆகும். அழுத்தம் கூடினால் வாயுவின் கரைதிறன் கூடும் என்பது ஹென்றி விதி. சோடா பாட்டிலில் நாம் காண்பது அதுதானே!

நீருக்குள் ஒரு மோட்டார்

ஆழத்தில் காற்றைச் சிறு சிறு குமிழிகளாகச் சேர்க்க வேண்டும், அதே சமயம் நீரையும் கலக்க வேண்டும். இந்த இரு வேலைகளையும் ஒன்றாகச் செய்ய உருவானவையே நீர்மூழ்கிக் காற்றூட்டிகள். ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரை அறிவீர்கள். அதைப் போலவே நீர் புகாத உறைக்குள் வைத்த மோட்டார் இது. தொட்டியின் அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கும். மோட்டாரோடு ஒரு சுழல் சக்கரம் இணைந்திருக்கும். சக்கரத்தின் நடுப்பகுதியிலிருந்து ஒரு குழாய் நீர்மட்டத்துக்கு மேலே வந்து, காற்றில் திறந்திருக்கும்.

சக்கரம் வேகமாகச் சுழலும்போது நீர் வெளிப்பக்கமாக வீசி எறியப்படுகிறது. வேகமாக ஓடும் நீரின் அழுத்தம் குறைகிறது. இது பெர்னூலி தத்துவம். அழுத்தம் குறைந்த அந்த இடத்துக்குக் குழாய் வழியே காற்று தானாக இறங்கி வருகிறது. உங்கள் ஆய்வுக்கூடத்துப் பன்சன் சுடரடுப்பில், வேகமாக வரும் எரிவாயு பக்கத் துளை வழியாகக் காற்றை இழுத்துக்கொள்கிறதல்லவா? அதே செயல்தான். இறங்கிவந்த காற்றைச் சுழலும் நீர் நுண்குமிழிகளாகச் சிதைத்து, நாலா பக்கமும் தள்ளுகிறது. சுழல் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு பம்பு நீரைக் குறுகிய மூக்கின் வழியே பீய்ச்சி, அந்தத் தாரையால் காற்றை இழுக்கும் வகையும் உண்டு.

இதிலும் ஒரு கணக்குப் பார்ப்போம். நான்கு மீட்டர் ஆழத்துக்குக் காற்றை இழுக்க வேண்டுமானால், நீரின் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும்? நான்கு மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொடும்போது பெறும் வேகம் எவ்வளவோ, குறைந்தபட்சம் அவ்வளவு வேண்டும். சூத்திரத்தில் இட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வருகிறது. பத்து மீட்டர் ஆழமானால் 14 மீட்டர் வேண்டும். ஆழம் கூடக் கூட, காற்றை இழுப்பதற்கே சக்தி செலவாகிவிடும். அதனால்தான் காற்றைத் தானே இழுக்கும் இந்தக் காற்றூட்டிகள் பொதுவாகச் சில மீட்டர் ஆழமுள்ள தொட்டிகளிலேயே பயன்படுகின்றன. இன்னும் ஆழமான தொட்டிகளுக்குக் கரையிலிருந்து புளோயர் என்னும் ஊதுபொறியால் காற்றைத் தள்ள வேண்டும்.

நீருக்குள் இருப்பதால் மோட்டார் குளிர்ச்சியாக இருக்கிறது. சத்தம் வெளியே கேட்பதில்லை. நீரைத் தெறிக்கவிடாததால் கிருமிகள் கலந்த சாரல் காற்றில் பரவுவது குறைவு. மக்கள் வசிக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு இவை பெரிய வசதிகள். ஆயினும் குறைகளையும் சொல்ல வேண்டும். துணியும் தலைமுடியும் நூலும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் அது திணறும். தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்தால் மோட்டாருக்குள் நீர் புகும்.

கண்ணை மட்டும் நம்பலாமா?

சில தொட்டிகளில் நீர்மட்டத்துக்கு மேலே பெரிய விசிறி சுழன்று, நீரை ஊற்றுப்போல் வாரி இறைக்கும். பார்ப்பவர்கள், "ஆகா! என்ன வேலை நடக்கிறது!" என்று வியப்பார்கள். அடியில் துளைத் தட்டுகள் பதித்த தொட்டியிலோ, நுண்ணிய குமிழிகள் அமைதியாக எழும்பிக்கொண்டிருக்கும். பார்க்க எதுவும் நடப்பதாகவே தெரியாது. ஆனால் ஒரு யூனிட் மின்சாரத்தில் எவ்வளவு ஆக்சிஜன் கரைகிறது என்று அளந்தால், அமைதியான நுண்குமிழ்த் தட்டுகளே பெரும்பாலும் முதலிடம் பெறுகின்றன. காற்றைத் தானே இழுக்கும் நீர்மூழ்கிக் காற்றூட்டியும் இந்தப் போட்டியில் நுண்குமிழ்த் தட்டுக்குப் பின்னால்தான் நிற்கிறது. அதன் சிறப்பு எளிமையிலும், கலக்கும் ஆற்றலிலும், தொட்டியைக் காலி செய்யாமல் பொருத்தவும் எடுக்கவும் முடிவதிலும் இருக்கிறது. எல்லாவற்றிலும் சிறந்த இயந்திரம் என்று எதுவும் கிடையாது.

விற்பனைப் பட்டியலில் உள்ள எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. காற்றூட்டியின் திறனை அளக்கும் சோதனை தூய நீரில், 20 டிகிரியில், நீரில் ஆக்சிஜன் சிறிதும் இல்லாத நிலையில் கணக்கிடப்படுகிறது. உண்மைத் தொட்டியிலோ சோப்பும் எண்ணெயும் கலந்த நீர், 30 டிகிரி வெப்பம், ஏற்கெனவே கொஞ்சம் ஆக்சிஜன். அங்கே கிடைக்கும் பலன் பட்டியலில் உள்ளதில் பாதியாகக்கூட இருக்கலாம். எண்ணைப் பார்த்தவுடன், "எந்த நிலையில் அளந்தது?" என்று கேட்கும் பழக்கமே அறிவியல் மனப்பான்மையின் தொடக்கம்.

மூன்று நிமிடங்கள்

இனி, நிறுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு வருவோம். நன்றாக இயங்கும் தொட்டியில் கரைந்த ஆக்சிஜனை லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் அளவில் வைத்திருப்பார்கள். பாக்டீரியாக்கள் மணிக்கு லிட்டருக்கு 40 மில்லிகிராம் வேகத்தில் அதை உட்கொள்வதாகக் கொள்ளுங்கள். இது சாதாரணமாகக் காணும் வேகம்தான். காற்றை நிறுத்தினால் இருப்பு எத்தனை நேரம் வரும்? மூன்றே நிமிடங்கள்!

மூன்று நிமிடத்தில் எல்லாம் செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அரை மணி நேரத்துக்குள் கசடு அடியில் படியத் தொடங்கிவிடும். மேலே வரும் புதிய கழிவுநீரைத் தொட ஆளில்லை. நேரம் போகப் போக, ஆக்சிஜன் இல்லாமல் வாழும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் தலையெடுக்கும். பழுப்பு நிறக் கசடு கறுக்கும். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகும். காலையில் மோட்டாரை மறுபடி ஓட்டினாலும், இரவெல்லாம் வந்து சேர்ந்த அழுக்கில் ஒரு பகுதி ஏற்கெனவே வெளியேறிவிட்டது. குறிப்பேட்டில் நிலையம் இயங்கியது என்று எழுதப்பட்டிருக்கும். ஆற்றுக்கு அது தெரியாது.

"சில நிலையங்களில் வேண்டுமென்றே காற்றை நிறுத்துகிறார்களே?" என்று விவரம் அறிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். நைட்ரஜனை நீக்குவதற்காகக் குறிப்பிட்ட நேரம் காற்றை நிறுத்தும் முறைகளும், காற்றே இல்லாமல் தொடங்கும் முறைகளும் உள்ளன. அவை கணக்கிட்டுச் செய்பவை. கட்டணத்துக்கு அஞ்சிச் சுவிட்சை அணைப்பது வேறு. மருத்துவர் சொல்லி உண்ணாமல் இருப்பதும் உணவு கிடைக்காமல் பட்டினி கிடப்பதும் ஒன்றாகுமா?

விளக்கும் காற்றும்

மின்சாரத்தைச் சேமிக்க வேண்டாமா என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இத்தகைய நிலையம் ஒன்று செலவிடும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ காற்றூட்டலுக்கே போகிறது. இருந்தாலும் தலைக்கு எவ்வளவு என்று பார்ப்போம்.

நம் நாட்டில் ஒருவர் ஒரு நாளில் வெளியேற்றும் கழிவின் பி.ஓ.டி. ஏறத்தாழ 27 கிராம் என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஒரு யூனிட் மின்சாரத்தில் ஒரு கிலோ ஆக்சிஜன் கரைவதாகச் சுமாராகக் கொள்வோம். அப்படியானால் 27 கிராமுக்கு 27 வாட்-மணி வேண்டும். ஒரு 9 வாட் எல்.ஈ.டி. விளக்கு மூன்று மணி நேரம் எரிவதற்கு ஆகும் செலவு இது! கழிவுநீரிலுள்ள அம்மோனியாவையும் மாற்ற வேண்டுமானால், தேவை இரண்டு, இரண்டரை மடங்காகலாம். அப்போதும் அதே விளக்கு ஏழெட்டு மணி நேரம் எரியும் செலவுதான். வாசல் விளக்கை இரவு முழுவதும் எரியவிடும் நாம், நம் கழிவைத் தூய்மை செய்ய அந்த அளவு மின்சாரம் தரத் தயங்கலாமா?

சேமிக்க வழி இருக்கிறது. தொட்டியில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் மானியைப் பொருத்தி, அளவு கூடினால் மோட்டாரின் வேகத்தைக் குறைக்கவும், குறைந்தால் கூட்டவும் செய்யலாம். கழிவு குறைவாக வரும் நள்ளிரவில் காற்றும் குறையும், ஆனால் நிற்காது. அடைத்துக்கொண்ட தட்டுகளைக் கழுவினாலே செலவு குறையும். கசடிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் தயாரிக்கவும் முடியும். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி, நெசப்பாக்கம் ஆகிய நிலையங்களில் இதற்கு ஏற்பாடு செய்யப்பட்டது. தூய்மையான நீருக்கும் விலை உண்டு. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும், கழிவுநீரை மேலும் பல படிகளில் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு வழங்க, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் தொடங்கப்பட்டன. முதற்படியில் காற்று சரியாக வேலை செய்தால்தான் மேற்படிகள் சிறக்கும்.

மனிதர் இறங்க வேண்டாம்

மின்கட்டணத்தைவிட முக்கியமான மற்றொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். காற்று நின்ற தொட்டியில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு, சிறிதளவில் நாற்றமடிக்கும். அளவு கூடினாலோ, மூக்கின் உணரும் சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும். "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று நினைத்தவன் அடுத்த மூச்சில் விழுந்துவிடக் கூடும். அவனைக் காப்பாற்ற இறங்குகிறவனுக்கும் அதே கதிதான். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுநீர்க் குழாய்களிலும் மலக்குழித் தொட்டிகளிலும் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இவ்வாறு இறந்தோரின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, ஆனால் போன உயிர் திரும்பாது.

நீர்மூழ்கிக் காற்றூட்டியின் மிகச் சிறந்த குணமாக நான் கருதுவது இங்கேதான் இருக்கிறது. முறையாகப் பொருத்தியிருந்தால், பழுது பார்க்க யாரும் தொட்டிக்குள் இறங்க வேண்டியதில்லை. வழிகாட்டிக் கம்பிகளின் மீது சங்கிலியால் மேலே இழுத்துவிடலாம். கொஞ்சம் பணத்தை மிச்சம் பிடிக்க அந்தக் கம்பியையும் சங்கிலியையும் தவிர்த்துவிட்டு, பிறகு ஒரு தொழிலாளியை இறங்கச் சொல்வது எந்த வகைச் சிக்கனம்?

தேம்ஸ் நதி திரும்பி வந்தது

"இதையெல்லாம் செய்து ஆறு திருந்திவிடுமா?" என்று கேட்பவர்களுக்குத் தேம்ஸ் நதியே பதில். 1858இல் அந்த நதியின் நாற்றம் லண்டன் நாடாளுமன்றத்தையே திணறடித்தது. பேசல்கெட் என்ற பொறியாளர் பெரும் சாக்கடைகளை அமைத்துக் கழிவுநீரை நகரத்துக்குக் கிழக்கே கொண்டுபோய் விட்டார். நகரம் பிழைத்தது. ஆனால் கழிவு இடம் மாறியதே அன்றி அழியவில்லை. 1957இல், லண்டனை ஒட்டிய தேம்ஸ் உயிரற்றுப் போய்விட்டது என்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் கூறும் நிலை வந்தது. 1960களிலும் 1970களிலும் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருமளவில் விரிவாக்கப்பட்டன. காற்று பாய்ந்தது. 1974இல், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காணாமற்போயிருந்த சால்மன் மீன் ஒன்று அந்நதியில் அகப்பட்டது. பெருமழையில் கழிவுநீர் ஆற்றில் கலந்துவிடும் நாட்களுக்காக, ஆக்சிஜனை ஆற்றிலேயே கரைக்கும் படகு ஒன்றையும் 1980களின் இறுதியில் அமர்த்தினார்கள். ஆறு கேட்டதெல்லாம் ஆக்சிஜன்தான். அதைக் கொடுத்ததும் ஆறு மீண்டது.

நீங்கள் என்ன செய்யலாம்?

நீங்கள் வசிக்கும் இடத்திலோ அருகிலோ சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், ஆசிரியருடனோ பெற்றோருடனோ அனுமதி பெற்றுச் சென்று பாருங்கள். தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தால் போதும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். நன்றாக இயங்கும் காற்றூட்டத் தொட்டியில் துர்நாற்றம் இருக்காது. மழை பெய்த மண்ணின் வாசனைதான் இருக்கும்.

அங்கே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் இப்போது எவ்வளவு? நேற்று இரவு காற்றூட்டி எத்தனை மணி நேரம் ஓடியது? அது பழுதானால் எப்படி மேலே எடுப்பீர்கள்? கட்டடத்தின் விலையையும், வாசலில் உள்ள பெயர்ப் பலகையையும் விட, இந்த மூன்று விடைகளே அந்நிலையம் உண்மையில் வேலை செய்கிறதா என்பதைக் காட்டும். வீட்டில் கழிப்பறைக்குள் துணியையும் நாப்கினையும் பிளாஸ்டிக்கையும் போடாமல் இருந்தால், அந்தச் சுழல் சக்கரத்துக்கு நீங்கள் இன்றே உதவியவர்கள் ஆவீர்கள்.

நாளை உங்களில் சிலர் பொறியாளர்களாக, நகராட்சி உறுப்பினர்களாக, குடியிருப்போர் சங்கச் செயலாளர்களாக வருவீர்கள். அப்போது யாராவது, "இரவில் மோட்டாரை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டால், மூன்று நிமிடக் கணக்கையும் 9 வாட் விளக்குக் கணக்கையும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.